வீடுகள் சொல்லும் வரலாறு

அரசரின் முடியும் வாளும் நூதனசாலையில் இடம்பெறுதல் வழக்கம். உழவனின் கலப்பையும் நெசவாளியின் தறியும் அத்தகைய மதிப்புக்குரியனவே என்று நிலைநாட்டிய இடங்களுள் ஒன்று, வேல்ஸ் நாட்டிலே கார்டிவ் நகருக்கு அண்மையிலுள்ள செயின்ற் வேகன்ஸ் ஆகும்.

1946இல் பிளிமத் பிரபு தமது மாளிகையையும் தோட்டத்தையும் நன்கொடையாக ஈந்தார். 1948 யூலை 1இல் அங்கே நாட்டார் வாழ்வு நூதனசாலை திறந்துவைக்கப்பட்டது. அதன் முதற் காப்பாளர் அயோர்வர்த் பீற், தச்சர் ஒருவரின் மைந்தர், வெல்சுமொழிக் கவிஞர்.

அழியவிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் கல் கல்லாகக் கழற்றிக் கொணரப்பட்டு அங்கே மீள எழுப்பப்பட்டுள்ளன. பண்ணைவீடு, கம்பளியாலை, மாவாலை, கொல்லன் பட்டறை யாவும் அவற்றுள் அடங்கும். கைவினைஞர் காண்போர் முன்னிலையிலேயே தொழில் செய்து காட்டுவர்.

மேர்தர் ரிட்வில் ஊரின் இரும்புத் தொழிலாளர் குடியிருந்த ஆறு வீடுகள் அங்கே வரிசையாய் நிற்கின்றன. 1805, 1855, 1895, 1925, 1955, 1985 என ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆண்டின் கோலத்தில் அமைந்துள்ளது. முதல் வீட்டிற் புகுந்து ஆறாவது வீட்டைக் கண்டு மீள்வோர் 180 ஆண்டு வாழ்வைக் கண்டவராவர்.

பொருளை மட்டும் காத்தாற் போதுமா? பெயர் மறந்த கருவி வெறும் மரத்துண்டே. இதனையுணர்ந்தே 1950களின் பிற்பகுதி முதல் முதியோரின் ஊர்ப்பேச்சும் பாட்டும் கதையும் அங்கு ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அன்று பேசியோர் மறைந்தனர். அவர்தம் குரல் மறையவில்லை.

இளைஞர்காள்! உங்கள் வீட்டுக் கோடியிற் கிடக்கும் கலப்பைக்கும் துலாவுக்கும் உறுப்புகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயருண்டு. அவற்றை அறிந்த பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டெழுதுங்கள். பெரியோரே! அவர்கள் கேளாவிடினும் அழைத்துச் சொல்லுங்கள்.