துண்டு விழும் கணக்கு

சிம்பொனி இசைக்குழுக்களின் வரலாற்றை மேதைகளின் பெயர் வரிசையாகப் படித்தே பழகிவிட்டோம். கணக்குப் புத்தகங்களைத் திறந்தால் தெரியும் வரலாறு வேறு. அறுபது, எண்பது, நூறு பேர் என்று பெருத்துக்கொண்டே போன ஒரு குழுவுக்கு டிக்கெட் வசூல் மட்டும் போதுமானதாக இருந்த காலம் மிகக் குறைவு. துண்டு விழும் பணத்தை யார் போட்டாரோ அவர் பிடியில்தான் குழு இருந்தது. பணம் போடுபவர்கள் பலராக இருந்த இடங்களில்தான் இசைஞர்கள் ஓரளவு தலைநிமிர்ந்து வாசித்தார்கள். லைப்சிக் நகரம் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது என்று சொல்லலாம். 1743இல் அந்த ஊர் வணிகர்களும் பிரமுகர்களுமாகப் பதினாறு பேர் சேர்ந்து, பதினாறு இசைஞர்களை அமர்த்திக் கச்சேரி தொடங்கினார்கள். 1781இல் அது துணி வணிகர்களின் கூடத்துக்கு இடம் மாறி, கேவாண்ட்ஹவுஸ் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டது. அரசவையின் தயவை நம்பாமல் ஊர்க்காரர்களின் சந்தாவில் ஓடிய அந்தக் குழு இன்றும் வாசிக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியில் போனது அமெரிக்காவின் பாஸ்டன். ஹென்றி லீ ஹிக்கின்சன் இளமையில் இசை கற்க வியன்னா போனவர்; கை ஒத்துழைக்காமல் திரும்பி, உள்நாட்டுப் போரில் பங்கேற்று, பிறகு வங்கித் தொழிலில் செல்வம் சேர்த்தவர். 1881இல் பாஸ்டன் சிம்பொனியைத் தொடங்கும்போதே, வரவு செலவை ஈடுகட்டாது என்று தெரிந்தே திட்டம் போட்டார். பொது ஒத்திகைக்கு 25 சென்ட் டிக்கெட் வைத்து எளியவர்களுக்கும் கதவு திறந்தார். பள்ளம் விழுந்ததை எல்லாம் தன் பையிலிருந்து நிரப்பினார். 1885இல் இளைப்பாறிக் கேட்கும் கோடைக் கச்சேரிகளை ஏற்படுத்தி, பருவம் முடிந்த மாதங்களிலும் இசைஞர்களுக்கு வேலை கிடைக்கச் செய்தார்; அவையே பிறகு பாஸ்டன் பாப்ஸ் என்று புகழ்பெற்றன. இசை நிர்வாகத்தில் இவ்வளவு தொலைநோக்கு உள்ளவரைக் காண்பது அரிது, அதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு விலை இருந்தது. 1882லேயே, வாரத்தின் குறிப்பிட்ட நாட்களில் வேறு எவரிடமும் வாசிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதினார். தொழிற்சங்கம் அண்டவே முடியவில்லை. 1918இல் முதல் உலகப் போரின் வெறியில் நடத்துநர் கார்ல் முக் கைதானார். அதே ஆண்டு ஹிக்கின்சனும் பொறுப்பை அறங்காவலர்களிடம் விட்டு விலகினார். 1920இல் ஊதியமும் சங்க உரிமையும் கேட்டு எழுந்த போராட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இசைஞர்கள் வெளியேறினார்கள். குழு சங்கத்தில் சேர 1942 வரை ஆயிற்று.

தனி மனிதரின் இடத்தில் அரசு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று பெர்லின். 1882இல் பென்யமின் பில்சே தன் குழுவை நாலாம் வகுப்பு ரயிலில் வார்சாவுக்கு அனுப்பப் பார்த்தார். 54 பேர் பிரிந்து வந்து தாங்களே ஒரு குழு அமைத்தார்கள். ஸ்கேட்டிங் மைதானமாக இருந்த கட்டடம் அவர்களுடைய அரங்கமானது. கச்சேரி முகவர் ஹெர்மன் வுல்ஃப் சந்தாக் கச்சேரிகளை விற்று, 1887இல் ஹான்ஸ் ஃபான் பியூலோவை நடத்துநராகக் கொண்டுவந்தார். இன்றைய நிர்வாகிகள் சந்தைப்படுத்தல் என்று சொல்வதில் பெரும்பகுதி வுல்ஃப் செய்து காட்டியதுதான். குழு ஒரு நிறுவனம், இசைஞர்களே பங்குதாரர்கள். ஆனால் 1930களின் தொடக்கத்தில் கடன் கழுத்தை நெரித்தது. 1934இல் நாஜி அரசு பங்குகளை வாங்கிக்கொண்டது. சம்பளம் நிலைத்தது, போர் வந்தபோது படைக்குப் போவதிலிருந்து விலக்கும் கிடைத்தது. யூத இசைஞர்கள் வெளியேறினார்கள். முதல் வயலின்காரர் சைமன் கோல்ட்பெர்க் அவர்களில் ஒருவர். சொந்த உழைப்பில் எழுந்த ஒரு கூட்டுறவு, பற்றாக்குறையின் வழியாகவே நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸின் அமைச்சகத்திடம் போய்ச் சேர்ந்தது.

புரவலரும் வேண்டாம், அரசும் வேண்டாம், இசைஞர்களே நடத்தட்டும் என்று சிலர் வாதிடுவார்கள். லண்டன் சிம்பொனியை அதற்கு உதாரணம் காட்டுவார்கள். அக்கால லண்டனில் ஒத்திகைக்கு ஒருவர், கச்சேரிக்கு அவருக்குப் பதிலாக இன்னொருவர் என்று வருவது வழக்கம். நடத்துநர் ஹென்றி உட் தன் குழுவில் அதைத் தடை செய்ததும், 1904இல் வெளியேறியவர்கள் அந்தக் குழுவை அமைத்தார்கள். நடத்துநரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், லாபத்தைப் பங்கிட்டார்கள். உரிமை முழுமையாக இருந்தது. ஆனால் நட்டம் வந்த பருவத்தில் அது வாசித்தவரின் வீட்டு அடுப்பிலேயே விழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாபப் பங்கீடு கைவிடப்பட்டது. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கையும் சொல்வார்கள். அங்கே வாசிப்பவர்கள் அனைவரும் ஓபரா அரங்கின் ஊழியர்கள்; மாதச் சம்பளம் அங்கிருந்து வருகிறது. சுயாட்சிக்கு அடியில் வேறொருவரின் பணம் நிற்கவே செய்கிறது.

திறமையாக விற்றால் பற்றாக்குறையே வராது என்பது இன்னொரு வாதம். இதற்குப் பொருளியலாளர்கள் வில்லியம் பாமலும் வில்லியம் போவெனும் 1966இல் பதில் எழுதினார்கள். தொழிற்சாலையில் ஒரு மணி நேர உழைப்பு தரும் பொருள் ஆண்டுக்காண்டு கூடுகிறது, கூலியும் கூடுகிறது. நாற்பது நிமிட சிம்பொனிக்கு இன்றும் நாற்பது நிமிடமும் அதே எண்ணிக்கை ஆட்களும் வேண்டும். எனவே செலவு ஏறிக்கொண்டே போகும், வரவு எட்டிப் பிடிக்காது. விற்பனைத் திறமை வீண் என்று இதற்குப் பொருளல்ல. அது இடைவெளியைக் குறுக்கும், மூடாது. திரைப்படத்துக்கும் இசை ஆல்பத்துக்கும் வாசிப்பது நல்ல வரவு: 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸுக்கு வாசித்தது லண்டன் சிம்பொனி, இளையராஜாவின் திருவாசகம் புடாபெஸ்ட் இசைக்குழுவைக் கொண்டு பதிவாகி 2005இல் வந்தது. ஃபோர்டு அறக்கட்டளை 1966இல் அமெரிக்க இசைக்குழுக்களுக்கு 8 கோடி டாலர் கொடுத்தது. இத்தனைக்குப் பிறகும், உலகின் தலைசிறந்த குழுக்களில் ஒன்றான ஃபிலடெல்ஃபியா 2011இல் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது.

ஆகவே ஓர் இசைக்குழுவின் நிர்வாகத்தை எடைபோட வேண்டுமானால், அரங்கம் நிரம்பியதா என்பதோடு நின்றுவிடக் கூடாது. துண்டு விழும் தொகை எத்தனை கைகளிலிருந்து வருகிறது, அவற்றில் எந்த ஒரு கை விலகினாலும் குழு நிற்குமா என்று கேட்க வேண்டும். ஹிக்கின்சனின் பாஸ்டனும் 1934இன் பெர்லினும் இந்தத் தேர்வில் தோற்றவை. பதினாறு பேர் சேர்ந்து தொடங்கிய லைப்சிக் தேறியது.