பேனாக்கத்தியும் அதன் அன்பர்களும்

பேனாக்கத்தி என்று சொல்லி நாம் பழகிவிட்டோம். பள்ளியில் அதைக் கொண்டு பென்சில் சீவினோம். மரத்தடியில் மாங்காயைக் கீற்றுப் போட்டு உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்றோம். பட்டம் விடும் நூலை அறுத்தோம். பேனாவுக்கு மட்டும் அதனால் ஓர் உதவியும் செய்ததில்லை. ஆயினும் அந்தப் பெயர் ஒரு பழைய செய்தியைத் தன்னுள் மடக்கி வைத்திருக்கிறது.

ஐரோப்பாவில் எஃகு முள் வைத்த பேனா பரவுவதற்கு முன், வாத்தின் இறகே பேனாவாக இருந்தது. இறகின் அடித்தண்டைச் சாய்வாகச் சீவி, நுனியைப் பிளந்து, மையில் தோய்த்து எழுதுவார்கள். சில பக்கங்கள் எழுதுவதற்குள் முனை மழுங்கும். மறுபடி சீவ வேண்டும். ஆகவே எழுதுகிறவர் ஒவ்வொருவரும் சிறிய கத்தியொன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தனர். 1820களிலும் 1830களிலும் பர்மிங்ஹாம் நகரத்து எந்திரங்கள் எஃகு முள்ளைக் கணக்கின்றிச் செய்து குவிக்கத் தொடங்கியதும் இறகுப் பேனா ஒழிந்தது. கத்தியும் அதன் பெயரும் ஒழியவில்லை.

நம் நாட்டிலும் எழுத்துக்கும் சட்டைப்பைக் கத்திக்கும் உறவு உண்டு. சட்டையே இல்லாத காலத்தில் அதை இடுப்புக் கத்தி என்றே சொல்லவேண்டும். ஓலையில் எழுதிய நம் முன்னோர் எழுத்தாணியில் பல வகை வைத்திருந்தனர். வாரெழுத்தாணியின் ஒரு முனை எழுதுவதற்கு. மறு முனையில் இருந்த சிறு கத்தி ஓலையின் ஓரத்தை வாருவதற்கு. இவ்விரண்டையும் ஒரே பிடிக்குள் மடக்கிக் கொள்ளும்படி அமைத்தது மடக்கெழுத்தாணி. அதற்கு மரத்தாலும் கொம்பாலும் தந்தத்தாலும் பிடி போட்டார்கள். ஷெஃபீல்டு நகரத்துக் கம்மியர் இதைக் கண்டிருந்தால் தம் இனத்தது என்று உடனே அறிந்துகொண்டிருப்பார்.

ஷெஃபீல்டு என்றோம். மடக்குக் கத்தியின் வரலாற்றைப் பேசுகிறவர் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது. இங்கிலாந்தின் வடபகுதியில், குன்றுகளுக்கு நடுவே, விரைந்தோடும் சிற்றாறுகளின் கரையில் அமைந்த ஊர் அது. ஆற்று நீர் சக்கரத்தைச் சுழற்றியது. உள்ளூர்ப் பாறை சாணைக்கல் தந்தது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவிஞர் சாசர் எழுதிய கான்டர்பரிக் கதைகளில் வரும் மாவரைக்கும் ஒருவன், தன் காலுறைக்குள் ஷெஃபீல்டுக் கத்தியொன்றைச் செருகி வைத்திருக்கிறான். அந்த நாளிலேயே ஊர்ப்பெயர் கத்திக்கு அடைமொழி ஆகிவிட்டது. 1624இல் பாராளுமன்றச் சட்டத்தால் கத்தித் தொழிலாளர் சங்கம் ஒன்று அங்கே நிறுவப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனி முத்திரை. பிறர் முத்திரையைத் தன் கத்தியில் குத்துவது பெருங்குற்றம்.

அங்கே சிறு கத்தியொன்றுகூட ஒரே கையால் உருவானதில்லை. காய்ச்சி அடித்து அலகு செய்பவர் ஒருவர். அதைச் சாணை பிடிப்பவர் மற்றொருவர். வில்லும் பிடியும் கூட்டி முடிப்பவர் வேறொருவர். இவர்களில் பலர் எந்த முதலாளிக்கும் அடங்காமல், பெரிய கட்டடங்களில் ஓர் அறையையோ, ஒரு சன்னலோரத்தையோ வாடகைக்குப் பிடித்துத் தம் கணக்கில் வேலை செய்தார்கள். இவர்களை அவ்வூர்ப் பேச்சில் 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். சின்ன மேஸ்திரி என்றே நாம் சொல்லலாம். தமிழில் நாம் வழங்கும் மேஸ்திரி என்ற சொல் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது; இரண்டுக்கும் மூலம் லத்தீனில் ஒன்றே.

இவர்களுடைய வாழ்க்கையில் திங்கட்கிழமைக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. ஞாயிறு ஓய்வு போதாமல் திங்களையும் ஒரு புனிதரின் திருநாளாகப் பாவித்து, பட்டறைக்குப் போகாமல் கள்ளுக்கடையில் கூடுவார்கள். வார இறுதியில் அதற்கும் சேர்த்து விளக்கு வைத்து வேலை செய்வார்கள். கூலி பீஸ் கணக்கானதால் கேட்பாரில்லை. கேட்டவர்கள் வீட்டிலிருந்த மனைவிமார் மட்டுமே. ஜோசப் மாதர் என்ற 18ஆம் நூற்றாண்டு அரத்தொழிலாளி இம்மக்களின் இன்ப துன்பங்களைப் பாட்டாகக் கட்டித் தெருவில் பாடிப் புகழ் பெற்றார்.

அந்தக் களிப்புக்குப் பின்னே ஒரு கொடுமை இருந்தது. சாணைக்காரர் தம் சக்கரத்தின் பின்னே, குதிரைமேல் ஏறியதுபோல் கட்டைமீது கால் பரப்பி உட்கார்ந்து, முகத்தைக் கல்லுக்கு அருகே தாழ்த்தி வேலை செய்வார். நீர் விடாமல் சாணை பிடிக்கும்போது கல்தூளும் எஃகுத்தூளும் மூச்சோடு உள்ளே போகும். சில ஆண்டுகளில் இருமல், பிறகு மூச்சுத் திணறல், பிறகு முடிவு. முள்கரண்டி தேய்த்தவர்களில் முப்பது வயதைத் தாண்டியவர் அரியர். பேனாக்கத்தி தேய்த்தவர்களும் தப்பவில்லை. 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதிய நூலில் இவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார். 1820களின் தொடக்கத்தில் ஏபிரகாம் என்பவர் எஃகுத்தூளை இழுத்துக்கொள்ளும் காந்தக் கருவி ஒன்றைச் செய்து தந்தார். தொழிலாளர் அதை ஏற்கவில்லை. சாவு குறைந்தால் தொழிலுக்கு வருபவர் பெருகுவர், கூலி குறையும், பிள்ளைகள் பட்டினி கிடக்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. இந்தக் கணக்கைப் படிக்கும்போது நம்மால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. அப்படிக் கணக்குப் பார்க்க வைத்த கூலியைத்தான் குறை சொல்லத் தோன்றுகிறது. சீமான்களின் பையில் கிடந்த தந்தப்பிடிக் கத்தி ஒவ்வொன்றிலும் அந்த மூச்சின் பங்கு ஒன்று இருந்தது.

நம் காடுகளின் பங்கும் இருந்தது. கடமான் என்றும் மிளா என்றும் நாம் சொல்லும் மானின் கொம்பு, கத்திப் பிடிக்கு உலகிலேயே சிறந்தது என்று பெயர் பெற்றது. உள்ளே கெட்டியாகவும் வெளியே கரடுமுரடாகவும் இருப்பதால் கையில் வழுக்காது. இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக அது ஷெஃபீல்டுக்குப் போயிற்று. பின்னாளில் நம் அரசாங்கம் அந்த ஏற்றுமதியைத் தடுத்துவிட்டது. பழங்கத்தி சேர்ப்பவர்கள் இன்றும் இந்தியக் கொம்பு என்றால் கையில் எடுத்து ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைக்கிறார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் வித்தை காட்டவும் தவறவில்லை. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தார் 1822இல் அந்த ஆண்டுக்குச் சரியாக 1822 அலகுகள் கொண்ட கத்தியொன்றைச் செய்து, பிறகு ஆண்டுக்கொன்றாக அலகு சேர்த்து வந்தார்கள். பார்க்க அது முள்ளம்பன்றி போல இருக்கும். மாம்பழம் நறுக்க உதவாத கத்தி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன!

இனிப் பிரான்சுக்குப் போவோம். அங்கே தியேர் என்ற மலையூரில் டூரோல் ஆற்றங்கரைச் சாணைக்காரர்கள் உட்காராமல், பலகைமேல் குப்புறப் படுத்துச் சக்கரத்தின் மேலாகக் கை நீட்டி வேலை செய்தார்கள். கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சள் சேற்றால் இவர்களுக்கு மஞ்சள் வயிற்றுக்காரர் என்று பெயர். ஆற்றுக் குளிர் எலும்பைத் துளைக்கும். அதற்காக ஒவ்வொருவரும் நாய் வளர்த்தார்கள்; எசமானர் படுத்ததும் அது அவருடைய கால்கள்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு சூடு கொடுக்கும். தொழிலின் தோழமை என்று பேசும்போது அந்த நாயை நாம் விட்டுவிடக்கூடாது.

அதே மலைநாட்டைச் சேர்ந்த லயோல் என்ற சிற்றூரின் கத்தி 1829ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. 1880இல் அதனுடன் திராட்சைமதுக் குப்பியின் தக்கையைத் திருகி எடுக்கும் கம்பியும் சேர்ந்தது. அங்கே உழவர் வீட்டுச் சாப்பாட்டில் விருந்தினருக்குக் கத்தி வைப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் பையிலிருந்து தம் கத்தியை எடுத்துத் திறந்து ரொட்டியை அறுத்துக்கொள்வர். வீட்டுப் பெரியவர் தம் கத்தியைத் துடைத்து மடக்கும் ஓசை கேட்டால் சாப்பாடு முடிந்தது என்று பொருள் என்பார்கள். பந்தியில் மூத்தவர் எழுமுன் எழலாகாது என்று வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவாய் நாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்ற இளைஞர் 1890இல் செய்த கத்தி இன்னும் எளியது: ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. 1897இல் அதை 1 முதல் 12 வரை பன்னிரண்டு அளவுகளில் செய்தார். திறந்த அலகு கைவிரல்மேல் மடங்காதபடி தடுக்கும் வளையம் 1955இல் சேர்ந்தது. இடையர், தோட்டக்காரர், ஓவியர் என்று எல்லார் பையிலும் அது புகுந்துவிட்டது.

இந்தக் கத்திகளைப் பையில் வைத்திருப்பவர்களிடையே நாடு, மொழி கடந்து சில வழக்கங்கள் நிலவுகின்றன. கத்தியைச் சும்மா அன்பளிப்பாகக் கொடுக்கலாகாது. வாங்குபவர் ஒரு செப்புக்காசாவது திருப்பித் தரவேண்டும், இல்லையேல் நட்பு அறுந்துபோகும். ஊசியையும் கத்தரிக்கோலையும் கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் நம் பாட்டிமாரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒருவர் திறந்த கத்தியை அவரே மடக்கவேண்டும். அமெரிக்கக் கிராமங்களில் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் உண்டு. அங்கே முதியவர்கள் நீதிமன்ற வாசல் பெஞ்சியில் உட்கார்ந்து மரக்குச்சியைக் காரணமின்றிச் சீவிக்கொண்டே பொழுதெல்லாம் பேசுவதும், ஒருவர் கத்தியை மற்றவர் கத்தியோடு மாற்றிக்கொள்வதும் நெடுங்காலப் பழக்கம். மார்க் டுவெயின் 1876இல் வெளியிட்ட கதையில் டாம் சாயர் என்ற சிறுவன் வேத வசனங்களை ஒப்பித்ததற்குப் பரிசாகப் பார்லோ கத்தியொன்று பெறுகிறான். அது எதையும் அறுக்காது. ஆனால் அசல் பார்லோ. அவனுக்கு அதுவே சொர்க்கம்.

தியேரில் ஆண்டுதோறும் மே மாதம் கத்தித் திருவிழா நடக்கிறது. இத்தகைய கூட்டங்களில் நீதிபதியும் லாரி ஓட்டுநரும் ஒரே மேசைமுன் குனிந்து நிற்பதைக் காணலாம். ஒருவர் தம் தந்தையின் கத்தியை எடுத்து நீட்டுவார். மற்றவர் அதைத் திறந்து மூடி, காதருகே வைத்துக் கேட்பார். ஆங்கிலம் பேசும் அன்பர்கள் இதைக் கத்தியின் நடையும் பேச்சும் என்பார்கள்: வில் தளராமல் அலகு திரும்புவது நடை, திறந்து முடியும்போது எழும் 'டக்' என்ற ஓசை பேச்சு. துருப்பிடிக்கும் பழைய எஃகில் ஆப்பிளும் எலுமிச்சையும் வெங்காயமும் பட்டுப் பட்டு ஏறும் சாம்பல் நீல நிறத்தை அவர்கள் அழுக்கென்று தேய்ப்பதில்லை. அது கத்தியின் வயது.

இவ்வளவு சாதுவான பொருளுக்கும் சந்தேகத்தின் நிழல் விழுந்திருக்கிறது. ஜப்பானில் மிகி என்ற ஊரில் செய்யும் ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி ஒரு காலத்தில் பள்ளிப்பிள்ளை ஒவ்வொருவர் பையிலும் இருந்தது. பென்சில் சீவ அதுவே கருவி. 1960இல் சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் அசனுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவன் கையிலிருந்தது குறுவாள். ஆனால் அதன் பின் எழுந்த கிளர்ச்சியில் பிள்ளைகளின் பென்சில் கத்தி பறிபோயிற்று. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கியபோது, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த விலக்கை எழுதியவர் சிறு வயதில் பென்சில் சீவியவராகத்தான் இருக்கவேண்டும்.

நம் நாட்டில் ராம்பூரின் கதை இதைவிட வருத்தமானது. தில்லியிலிருந்து லக்னோ செல்லும் அன்பர்கள் மொராதாபாத்துக்கும் பரேலிக்கும் இடையே அந்த நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். நவாபுகள் ஆண்ட அந்த ஊரின் கம்மியர்கள் வேலைப்பாடு மிக்க மடக்குக் கத்திகள் செய்தார்கள். இந்திப் படங்களில் வில்லன் கையில் அது ஏறியது. ராம்பூரி என்றால் ரவுடி என்று பொருளாயிற்று. அலகின் நீளத்துக்கு அரசாங்கம் வரம்பு கட்டவும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2023இல் அவ்வூர் நாற்சந்தியில் 20 அடி நீளமுள்ள கத்தியொன்றை நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். சிலைக்குச் செலவானதில் ஒரு பங்கேனும் மிச்சமிருக்கும் கம்மியரின் உலைக்குப் போயிருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஷெஃபீல்டிலும் சின்ன மேஸ்திரிகள் அருகிவிட்டார்கள். அவர்களில் பேர் பெற்ற ஸ்டான் ஷா 1941இல், 14 வயதில், பட்டறையில் சேர்ந்தார். அலகும் வில்லும் பிடியும் தாமே செய்து கூட்டும் அவருடைய கத்திக்காக அன்பர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2021இல் அவர் காலமானார்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பரணில் உள்ள பழைய பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். தாத்தாவின் பேனாக்கத்தியோ, அதற்கும் முந்தியவரின் மடக்கெழுத்தாணியோ கிடைத்தாலும் கிடைக்கும். மூட்டு இறுகியிருந்தால் வலிந்து திறக்க வேண்டாம்; இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துவிடுங்கள். திரும்பி வருவது விமானத்திலானால் அதைக் கைப்பையில் வைக்காமல், சாமான் பெட்டியின் அடியில், துணியில் சுற்றி வையுங்கள்.