அலைகள் தள்ளும் மின்சாரம்

மைக்ரோவேவ் அடுப்பில் சாப்பாட்டைச் சுட வைக்கும் அலைகளின் உறவுக்கார அலைகளை வைத்து 10 கோடி டிகிரிக்கு மேல் சூடேற்ற முடியுமா? முடியும். அதோடு அந்த அலைகளால் மின்னோட்டத்தையும் தள்ள முடியும். இந்த இரண்டாவது வேலைக்கு ஒரு சுவாரசியமான வரலாறு உண்டு.

அணு இணைவு ஆய்வுக்காக சோவியத் விஞ்ஞானிகள் 1950களில் உருவாக்கிய கருவி டோகமாக். மெதுவடை வடிவக் கூட்டுக்குள், சுவரைத் தொடாமல், காந்தப்புலம் பிளாஸ்மாவைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே உள்ள காந்தச் சுருள்கள் மட்டும் போதாது. பிளாஸ்மாவுக்குள்ளும் மின்சாரம் ஓட வேண்டும். அதை ஓட்டுவது ஒரு டிரான்ஸ்பார்மர். டி-3 டோகமாக்கில் சுமார் 1 கோடி டிகிரி எட்டியதாக 1968இல் சோவியத் தரப்பு சொன்னபோது மேலை நாடுகள் நம்பவில்லை. 1969இல் பிரிட்டிஷ் குழு லேசர் கருவியோடு மாஸ்கோ போய் அளந்தது. சொன்னது உண்மைதான்!

ஆனால் இரண்டு சிக்கல்கள். இஸ்திரிப் பெட்டி போல, மின்சாரம் ஓடுவதால்தான் பிளாஸ்மா சூடாகிறது. சூடு 4 மடங்கானால் மின்தடை 8இல் 1 பங்காகிவிடும். அதனால் ஓர் அளவுக்கு மேல் சூடு ஏறாது. அடுத்து, டிரான்ஸ்பார்மரின் முதல் சுருளில் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே திசையில் எவ்வளவு நேரம் ஏற்ற முடியும்? எல்லை வந்ததும் நிறுத்த வேண்டியதுதான். நின்று நின்று ஓடும் மின்நிலையத்தில் சுவர்கள் சூடாகி, ஆறி, சீக்கிரமே தேய்ந்துபோகும்.

முதல் சிக்கலுக்கு ஊஞ்சல் வழி. காந்தப்புலத்தில் அயனிகள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுற்றுகின்றன. அதே தாளத்தில் ரேடியோ அலை தள்ளினால் சூடு ஏறும். பிரின்ஸ்டனில் தாமஸ் ஸ்டிக்ஸ் இந்த வழிக்கு அடித்தளம் போட்டார்.

இரண்டாவதுதான் கஷ்டம். அலையால் எலக்ட்ரான்களை ஒரே பக்கம் தள்ளும் முயற்சி இங்கிலாந்தின் ஹார்வெல்லில் 1952லேயே நடந்தது. ஆனால் வரவு செலவு ஒத்துவரவில்லை. தள்ளிய எலக்ட்ரான்கள் மோதி மோதி வேகத்தை இழக்கும். திரும்பத் திரும்பத் தள்ள வேண்டும். ஒரே செலவில் அதிக உந்தம் தருவது மெதுவான அலைதான், அதனால் அதுவே சிக்கனம் என்று தோன்றியது.

1978இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற நதானியேல் பிஷ், அதே ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். பிளாஸ்மாவில் வேகமாக ஓடும் எலக்ட்ரான் மோதுவது குறைவு. வேகம் இருமடங்கானால் மோதல் 8இல் 1 பங்குதான். வேகமான எலக்ட்ரானைத் தள்ளச் செலவு அதிகம், சரி. ஆனால் அந்த ஓட்டம் நீண்ட நேரம் நிற்கிறதே! மொத்தத்தில் அதே செலவுக்கு 4 மடங்கு மின்னோட்டம். ஆகவே வேகமான அலையால், வேகமான சில எலக்ட்ரான்களை மட்டும் தள்ளினால் போதும்.

காகிதக் கணக்கு சீக்கிரமே சோதனைக்கு வந்தது. 1980இல் ஜப்பானின் ஜே.எப்.டி-2, 1982இல் பிரின்ஸ்டனின் பி.எல்.டி என்று டோகமாக்குகளில் அலைகள் மின்னோட்டத்தைத் தள்ளிக் காட்டின. 2003இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் ட்ரையம்-1எம் கருவி அலைகளின் உதவியால் 5 மணி 16 நிமிடம் ஓடியது.

அப்படியானால் வென்றாயிற்றா? இல்லை. அது குறைந்த மின்னோட்டத்தில், அடர்த்தி குறைந்த பிளாஸ்மாவில் கிடைத்த சாதனை. மின்நிலையத்துக்கு அடர்த்தி அதிகம் தேவை. அடர்த்தி கூடினால் மோதலும் கூடும், ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் மின்னோட்டம் குறையும். அலைகளுக்குச் செலவாகும் மின்சாரத்தையும் அந்த நிலையமேதான் தர வேண்டும். அதனால் பிளாஸ்மா தானாக உண்டாக்கும் மின்னோட்டத்தைப் பெருக்கி, மீதியை மட்டும் அலைகளிடம் விடும் திட்டங்களே இன்று முன்னால் நிற்கின்றன.

2025 பிப்ரவரி 12 அன்று பிரான்சின் வெஸ்ட் டோகமாக் 1337 விநாடிகள் பிளாஸ்மாவை நிலைநிறுத்தியது. உள்ளே அனுப்பிய அலைகளின் சக்தி 2 மெகாவாட். வெளியே வந்த மின்சாரம்? பூஜ்யம். அந்த வரவுப் பக்கம் நிரம்பும்வரை பிஷ்ஷின் கணக்கும் முடியாது.