பதிவேட்டில் ஏறாத தடிப்பு

கொடைக்கானலின் பாதரசக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2001 மார்ச் மாதத்திலிருந்து தொடங்குகிறார்கள். மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடந்ததைப் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் ஊரறியச் செய்தன, மக்கள் திரண்டார்கள், அதே மாதம் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது. தேதியும் எடையும் இடமும் தெளிவாக இருப்பதால் கதையை அங்கே தொடங்குவது எளிது. ஆனால் உள்ளே வேலை பார்த்தவர்களின் உடம்பில் அந்தக் கதை பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட ஆரம்பித்திருந்தது. எளிதில் கண்ணுக்குப் பட்டிருக்கக்கூடியது அவர்களுடைய தோலும் ஈறும்தான். அரிப்பு, தடிப்பு, ஈறில் வீக்கம் என்று சில்லறைத் தொந்தரவுகளாக அவை கருதப்பட்டன. உரிய காலத்தில் யாராவது அவற்றை முறையாகக் குறித்து வைத்திருந்தால், பின்னால் ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கின் போக்கே மாறியிருக்கும் என்பது என் வாதம். தொழில் நோயின் வரலாற்றில் தோல்தான் முதல் சான்று. அந்தச் சான்றைத் தவறவிட்டால் அடுத்து வரும் சான்றுகள் எல்லாமே மறுக்கக்கூடியவையாகிவிடுகின்றன.

இந்த ஊர் பிறந்ததே உடல்நலத்துக்காக. மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் காய்ச்சலுக்குத் தொடர்ந்து ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதப் பணியாளர்கள் 1845இல் மேலே வந்து வீடு கட்டிக்கொண்டார்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக் காற்றை மருந்தாக நம்பி வந்தவர்கள் அவர்கள். 1863இல் லெவிஞ்ச் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஏரியை அமைத்தபின் ஊர் கோடைவாசத்தலமாக வளர்ந்தது. ஆலைகளுக்கு இங்கே மரபு ஏதும் கிடையாது. உருளைக்கிழங்கு, பூண்டு, பேரிக்காய், காப்பி, விடுதி வேலை என்றுதான் பிழைப்பு. அப்படிப்பட்ட ஊருக்கு 1983இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் தன் தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்துக் கொண்டுவந்தது. 1987இல் அந்த நிறுவனம் இந்துஸ்தான் லீவரின் தாய் நிறுவனமான யூனிலீவர் கைக்குப் போயிற்று. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே போயின. மலையில் தங்கியது வேலையும் கழிவும். ஆலை நின்ற மேட்டுக்குக் கீழே பாம்பாறு சோலை. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகிறது. மாதச் சம்பளம் தரும் கம்பெனி வேலை கிடைத்ததே பெரிய காரியம் என்று சுற்றுவட்டாரத்து இளைஞர்களும் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். கையில் வந்த தடிப்பைப் பெரிதுபடுத்தினால் அந்த வேலை என்னாகும் என்ற கேள்வி அவர்களில் யாருக்கும் எழுந்திருக்கும். தோல் நோய் பதிவாகாமல் போனதற்கு இந்த அச்சத்தையும் ஒரு காரணமாகக் கொள்ள வேண்டும்.

பாதரசத்தின் தன்மையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கீழே சிந்தினால் மணிமணியாகச் சிதறி ஓடும். ஒரு மணியை விரலால் அழுத்தினால் பத்தாகும். தரை விரிசல், நகக்கண், தையல் மடிப்பு, செருப்பின் அடி என்று எங்கும் புகுந்துகொள்ளும். வாடையும் நிறமும் இல்லாமல் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். 20 டிகிரி வெப்பத்தில், சிந்திய பாதரசம் உள்ள மூடிய அறையின் காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம் வரை அந்த ஆவியை ஏந்த முடியும். தொழிற்சாலைக் காற்றில் இந்தியச் சட்டம் அனுமதிப்பது 0.05 மில்லிகிராம். அதாவது அந்த உச்ச நிலை சட்ட வரம்பைப் போல 250 மடங்குக்கும் மேல். குளிர்ந்த மலையில் ஆவி குறைவுதானே என்று கேட்கலாம். பத்து டிகிரி குறைந்தால் ஆவி ஏறத்தாழ பாதியாகும் என்பது உண்மை. பாதியான பின்னும் அது வரம்பைப் போல நூறு மடங்குக்கு மேல் நிற்கும். குளிருக்குக் கதவையும் சன்னலையும் சாத்தி வைக்கும் மலை வழக்கம் அதைக் கலையவும் விடாது.

இதெல்லாம் அன்றைக்குத் தெரியாத விஷயம் என்று சொல்லவே முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பாதரச நச்சை அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. அப்படி ஒரு நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. இரசாயனங்கள் நேரடியாகப் பட்டு வரும் தோல் அழற்சியும் பின்னாளில் அதே பட்டியலில் தனி இடம் பெற்றது. மருத்துவ உலகிலோ பாதரசத்துக்கும் தோலுக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் சிறு குழந்தைகளுக்குக் கை கால் இளஞ்சிவப்பாகி, வீங்கி, தோல் உரிந்து, ஓயாமல் அரிக்கும் நோய் ஒன்று வந்தது. வைரஸ், சத்துக்குறைவு என்று பல காரணங்களை ஊகித்தார்கள். 1940களின் இறுதியில் சின்சினாட்டி மருத்துவர் வார்க்கனியும் அவருடைய சகாவும் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசத்தைக் கண்டார்கள். பல் முளைக்கும்போது கொடுத்த பொடியில் இருந்த இரசகற்பூரமே மூலம். 1950களில் அந்தப் பொடிகள் கடைகளிலிருந்து விலக்கப்பட்டதும் நோயும் ஏறக்குறைய மறைந்துபோனது. காரணத்தைச் சுட்டியது குழந்தைகளின் கையும் காலும்; சிறுநீர்ச் சோதனை அதை உறுதி செய்தது. இந்த வரிசை முக்கியம்.

இன்னும் நெருக்கமான சான்று தெர்மாமீட்டரிலேயே இருக்கிறது. கொடைக்கானலுக்கு ஆலை வந்த அதே 1983இல், உடைந்த தெர்மாமீட்டரின் பாதரச ஆவியை மூச்சில் இழுத்தவர்களுக்கு உடம்பெங்கும் சிவந்த தடிப்பு எழுவதை ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் ஆய்விதழில் வெளியிட்டார்கள். முன்பே ஏதாவது பாதரச மருந்து பட்டு ஒவ்வாமை ஏற்பட்டிருந்தவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு டென்மார்க் மருத்துவர்கள் தொடையிடுக்கு, அக்குள், பின்புறம் ஆகிய மடிப்புகளில் வரும் இதே வகைத் தடிப்பைத் தனி நோய்க்குறியாக விவரித்தார்கள். பாதரச உலோகம் தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவு, பெரும்பகுதி நுரையீரல் வழிதான் போகிறது, ஆகவே தோல் தடிப்பை வைத்துப் பாதரசத்தைக் குற்றம் சொல்லக்கூடாது என்று ஒரு மறுப்பு உண்டு. அதன் முற்பகுதி சரி. முடிவுதான் தவறு. மூச்சில் போனதற்கும் தோல் பதில் சொல்லும் என்பதைத்தான் அந்த இரண்டு ஆய்வுகளும் காட்டின. கையுறை போட்டிருந்தாரா என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறோம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. கொடைக்கானலில் அரிப்புக்கா பஞ்சம்? வறண்ட குளிர்காற்றில் தோல் வெடிக்கும், கம்பளி உறுத்தும், விறகுப் புகை சூழ்ந்த வீடு, காரட்டுக்கும் உருளைக்கும் அடிக்கும் பூச்சிமருந்து, பூண்டு உரிக்கிறவர்களின் விரல்நுனி எரிச்சல், சோலை ஓரத்துச் செந்தட்டி. ஒரு தொழிலாளியின் கையில் வந்த தடிப்பு இவற்றில் எதனால் வந்தது என்று ஒரே பார்வையில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம் இது. ஆனால் பதிவேடு என்ற ஒன்று எதற்காக இருக்கிறதோ, அந்தக் காரணமும் இதுவேதான். யாருக்கு வந்தது, எந்தப் பகுதியில் வேலை செய்தார், வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம், விடுப்பில் போனபோது தணிந்ததா, திரும்பி வந்ததும் எழுந்ததா, பக்கத்தில் வேலை செய்பவருக்கும் உண்டா, கூடவே ஈறு வீங்கியதா, கை நடுங்கியதா? இப்படிப் பத்துப் பேரைக் குறித்து வைத்தாலே செந்தட்டி வேறு, பூண்டு வேறு, பாதரசம் வேறு என்று பிரிந்து நின்றுவிடும். தெர்மாமீட்டரில் பாதரசம் நிரப்பும் பகுதியில் இருப்பவர்களுக்கு அதிகமாகவும் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக் குறைவாகவும் வருகிற தடிப்புக்குக் குளிர்காற்றைக் காரணம் காட்ட முடியாது. ஆலை நடந்த காலத்தில் இதைச் செய்ய ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

ஆலை மூடிய பின்னரே வெளி மருத்துவர்கள் தொழிலாளர்களைப் பார்த்தார்கள். பெங்களூரின் கம்யூனிட்டி ஹெல்த் செல் சார்ந்த மருத்துவர்கள் நடத்திய முதற்கட்ட ஆய்வில் பலரிடம் ஈறு நோய்க்குறிகளும் தோல் ஒவ்வாமைக் குறிகளும் இருந்தன. நிறுவனம் தன் தரப்பு ஆய்வுகளைக் காட்டி, உடல்நலப் பாதிப்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்றது. தொழிலாளர்களின் இப்போதைய நோய்க்கும் முன்பு பட்ட பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்று ஒரு வல்லுநர் குழு சொன்னது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வோ பலருடைய நோய்க்கும் பணியிடப் பாதரசமே காரணம் என்ற முடிவுக்கு வந்தது. இரண்டு முடிவுகள் எப்படி வந்தன என்று புரிந்துகொள்ள ஓர் எண் உதவும். மூச்சில் போன பாதரசம் உடம்பிலிருந்து பாதியாகக் குறைய எடுக்கும் காலம் சுமார் இரண்டு மாதம். 2001 மார்ச்சில் வேலை நின்றவரின் சிறுநீரை அடுத்த மார்ச்சில் சோதித்தால், ஆறு முறை பாதியாகக் குறைந்த மிச்சமே தெரியும். தடிப்பும் தணிந்திருக்கும். சிறுநீரகத்திலும் நரம்பிலும் விட்டுப்போன கேடு மட்டும் இருக்கும். அதற்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, குடி என்று வேறு காரணங்களைச் சொல்லிவிடலாம். சான்று இல்லை என்று சொன்னபோது சான்று கரைந்துபோயிருந்தது. கரைவதற்கு முன் அது இருந்த இடம் தோல்.

ஊரின் மரங்களுக்குக்கூட இந்த விஷயத்தில் நல்ல பதிவு கிடைத்தது. ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகம் ஒன்றின் அறிவியலாளர்கள் கொடைக்கானல் மரங்களின் பாசியையும் கற்பாசியையும் எடுத்துச் சோதித்து, தொலைவில் உள்ள பேரிஜம் ஏரிப் பகுதியைவிட இங்கே பாதரசம் கூடுதல் என்று 2003இல் வெளியிட்டார்கள். பாசிக்கு வேர் கிடையாது. காற்றில் வருவதைத் தன் மேற்பரப்பால் பிடித்து வைத்துக்கொள்கிறது, எளிதில் விடுவதில்லை. மனிதத் தோல் அப்படிச் சேமித்து வைக்காது. அது சிவக்கும், அரிக்கும், ஆறிவிடும். அன்றைக்கே எழுதி வைத்தால்தான் உண்டு.

பழனிமலையில் பாதரசம் புதிய பொருளா, சித்தர் போகர் காலந்தொட்டு இருப்பதுதானே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பழனி முருகன் சிலையைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது இந்த மலையின் தொன்மையான நம்பிக்கை. இரசகந்தி மெழுகு போன்ற பாதரச மருந்துகளைச் சித்த மருத்துவம் தோல் நோய்க்கே கொடுக்கிறது. ஆனால் அந்த மரபை ஊன்றிப் பார்த்தால் அது அவர்களுடைய வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. சித்த மருத்துவம் பாதரசத்தைச் சுத்தி செய்யாமல் தொடாது. அளவும் பத்தியமும் சொல்லாமல் கொடுக்காது. பாஷாணம் என்றால் நஞ்சு என்பதை மறைத்ததும் கிடையாது. அந்தச் சுத்தி முறை நஞ்சை முழுவதும் நீக்குகிறதா என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி. இந்தப் பொருளைக் கண்டு அஞ்ச வேண்டும் என்ற அறிவு மலையில் நெடுங்காலமாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆபத்தை யாரும் தங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை என்று தொழிலாளர்கள் பிற்பாடு சொன்னது அதனால்தான் இன்னும் கனமாகிறது.

பாதரசம் பட்டால் தங்க மோதிரம் வெளுத்துவிடும். தமிழ்நாட்டில் எந்தத் தட்டாருக்கும் தெரிந்த சங்கதி இது. இரண்டும் கலந்து இரசக்கலவையாகிவிடுவதால் மஞ்சள் போய் வெள்ளி நிறம் ஏறும். அதைக் கண்டதும் யாரும் குளிர்காற்றைக் காரணம் சொல்ல மாட்டார்கள். அதே விரலில் மோதிரத்துக்கு அடியில் எழுந்த தடிப்புக்கு மட்டும் நூறு காரணம் கிடைத்தது.

290 டன் பாதரசக் கழிவு 2003இல் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது; பொறுப்பை ஏற்காமல், கருணை அடிப்படையில். வழக்கு முடிந்ததால் மருத்துவக் கேள்வி முடிந்துவிடவில்லை. விசாரித்தால் விடை கிடைக்கும் என்பதற்கு அயலில் ஓர் உதாரணம் உண்டு. 2023இல் கேரளத்தின் கோட்டக்கலில், காரணம் பிடிபடாத சிறுநீரக நோயோடு வந்தவர்களிடம் மருத்துவர்கள் முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று விசாரித்தார்கள். தோலை வெளுப்பாக்கும், பாதரசம் கலந்த களிம்பு அகப்பட்டது. உலோகப் பாதரசத்தைப் போலன்றி அதன் உப்புகள் தோல் வழியாகவே நன்றாக உள்ளே போகும். நிறுத்தச் சொன்னார்கள், பலர் தேறினார்கள். 1984இல் இருபது வயதில் தெர்மாமீட்டர் கம்பெனியில் சேர்ந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. கொடைக்கானலிலும் வத்தலக்குண்டிலும் பெரியகுளத்திலும் அவர் சிறுநீரகக் கோளாறோடோ கை நடுக்கத்தோடோ போய் உட்காரும் மருத்துவர், முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள், எந்தப் பகுதியில், அப்போது தோலில் ஏதாவது வந்ததா என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதிக்கொள்ள இப்போதும் காலம் இருக்கிறது.