ஹைப்பர்கன்வர்ஜ்டு சர்வர்: வாங்குமுன் விலக வேண்டிய சில தவறான எண்ணங்கள்

கோவில்பட்டியில் மொத்த வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் கழுகுமலைக்கு வந்திருந்தார். கையில் ஒரு கொட்டேஷன். "ஹஜ்ரத், நீங்க ஓதினதோட காலேஜும் படிச்சவங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்றார். நான் படித்தது பி.ஏ. வரலாறு. "மாமு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே" என்று சொல்லியும் அவர் விடவில்லை. தாளில் இருந்த தொகை அவருடைய இரண்டு வருட லாபம். மூன்று சர்வர்கள், மூன்றாண்டு லைசென்ஸ், மேலே பெரிய எழுத்தில் 'ஹைப்பர்கன்வர்ஜ்டு இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்று ஒரு தலைப்பு.

ரியாத்தில் ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் போனில் கேட்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன். விற்பவர் சொன்னதில் பாதி சரி. மீதியை வாங்குபவர் தானாகவே தவறாகப் புரிந்துகொண்டிருந்தார். கடை, ஆலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை அறக்கட்டளை என்று நம்மவர்கள் நடத்தும் எத்தனையோ இடங்களில் இன்று கணினிதான் கணக்குப்பிள்ளை. அறக்கட்டளைப் பணம் என்றால் அது அமானிதமும்கூட. ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இது என்னவென்று பார்ப்போம். நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையில் பழைய முறைப்படி மூன்று அடுக்குகள் இருக்கும். கணக்கிடும் வேலைக்குச் சர்வர்கள். தரவைச் சேமிக்கத் தனியாக ஒரு பெரிய ஸ்டோரேஜ் பெட்டி. இரண்டையும் இணைக்க அதற்கென்றே ஒரு தனி வலையமைப்பு. மூன்றும் மூன்று கம்பெனிகளுடையதாக இருக்கலாம். ஒன்றில் கோளாறு வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஹைப்பர்கன்வர்ஜ்டு முறையில் அந்தத் தனி ஸ்டோரேஜ் பெட்டி இல்லை. ஒவ்வொரு சர்வரிலும் அதற்குரிய டிஸ்க்குகள் இருக்கும். எல்லாச் சர்வர்களின் டிஸ்க்குகளையும் ஒரு மென்பொருள் சேர்த்து, ஒரே பொதுக் களஞ்சியம் போலக் காட்டும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு தரவும் குறைந்தது இரண்டு சர்வர்களில் இரண்டு பிரதிகளாகப் பதியும். ஒன்று நின்றால் இன்னொன்றிலிருந்து வேலை தொடரும்.

இந்தச் சிந்தனை கூகுளிடமிருந்து வந்தது என்று சொல்லலாம். விலை உயர்ந்த ஸ்டோரேஜ் பெட்டிகளை நம்பாமல், சாதாரணச் சர்வர்களின் டிஸ்க்குகளை மென்பொருளால் இணைத்த தன் கோப்பு முறைமையைப் பற்றிக் கூகுள் 2003இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. அந்த முறைமையில் பணியாற்றிய மோஹித் ஆரோன், தீரஜ் பாண்டே, அஜீத் சிங் ஆகிய இருவரோடு சேர்ந்து 2009இல் கலிஃபோர்னியாவில் நியூட்டானிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மூவருமே இந்தியாவிலிருந்து சென்றவர்கள். பிறகு 2014இல் விஎம்வேர் தன் விசான் மென்பொருளைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் 2016 விண்டோஸ் சர்வரில் இதே வசதியைச் சேர்த்தது. ஆஸ்திரியாவிலிருந்து வரும் ப்ராக்ஸ்மாக்ஸ், செஃப் என்ற திறமூல மென்பொருளோடு சேர்ந்து, லைசென்ஸ் கட்டணம் இல்லாமலேயே இந்த வேலையைச் செய்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைக் கொட்டேஷன் கொடுப்பவர்கள் அநேகமாகச் சொல்வதில்லை.

பெயரால் வரும் குழப்பம்

'ஹைப்பர்' என்ற சொல்லைக் கேட்டதும் அதிவேகம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது 'ஹைப்பர்வைசர்' என்ற சொல்லோடு தொடர்புடையது. ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர்க் கணினிகளை இயக்கும் மென்பொருளுக்கு அந்தப் பெயர். வேகத்தைத் தீர்மானிப்பவை டிஸ்க்கின் தரமும் வலையமைப்பும்தான்.

அடுத்த குழப்பம், இது 'எல்லாம் ஒரே பெட்டியில்' என்ற எண்ணம். எங்கள் ஊர் வெட்டுவான் கோவில் எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியது. பணி முடியாமலே நின்றுபோனது. ஒரே கல் என்பது அங்கே அழகு. சர்வர் அறையில் அது ஆபத்து. இந்த முறையின் பலமே பல பெட்டிகளாக இருப்பதில்தான் இருக்கிறது. பொதுவாகக் குறைந்தது மூன்று சர்வர்கள் கேட்பார்கள். இரண்டே இருந்து, இடையிலுள்ள இணைப்பு அறுந்துபோனால், 'மற்றவன் செத்துவிட்டான், நான்தான் பொறுப்பு' என்று இரண்டுமே நினைத்து இரண்டுமே எழுத ஆரம்பித்துவிடும். தரவு இரண்டு கிளையாகப் பிரிந்து கெடும். மூன்றாவது ஒன்று இருந்தால் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரியும். இரண்டு சர்வர் போதும் என்று விற்கும் அமைப்புகளும் உண்டு. அங்கேயும் சாட்சியாக ஒரு மூன்றாவது சிறு கணினி வேறிடத்தில் இருந்தாக வேண்டும். அது எங்கே இருக்கப் போகிறது என்று கேளுங்கள்.

"அதுதான் ரெண்டு காப்பி இருக்கே, பேக்கப் எதுக்கு?"

என் உறவினர் இதைத்தான் கேட்டார். மிகப் பெரிய இழப்பைக் கொண்டுவரக்கூடிய எண்ணம் இதுதான்.

இரண்டு பிரதிகள் காப்பாற்றுவது டிஸ்க் அல்லது சர்வர் பழுதாகும்போது மட்டுமே. உங்கள் கணக்கர் தவறுதலாக இந்த ஆண்டின் விற்பனைப் பட்டியலை அழித்தால் அந்த அழிப்பும் இரண்டு இடத்திலும் உடனே பதிந்துவிடும். பணம் பறிக்கும் ரேன்சம்வேர் உள்ளே புகுந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்பே இரண்டாவது சர்வருக்கும் நகலாகும். நகல் எடுக்கும் மென்பொருளுக்கு நல்ல தரவு எது, கெட்ட தரவு எது என்று தெரியாது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பர் 23 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று அரசு பாராளுமன்றத்தில் சொன்னது. பதிவு, ரசீது, பரிசோதனை முடிவு எல்லாம் கையால் எழுதும் நிலை. தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் மருத்துவமனைத் தரவு மீட்கப்பட்டது. அப்படியும் பெரும்பாலான சேவைகள் திரும்ப இரண்டு வாரம் ஆனது. அந்தத் தனிப் பிரதி இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எதிர்மாறான உதாரணம் தென்கொரியாவின் தேஜோன் நகரில் நடந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று அங்குள்ள அரசு தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்துபோனது. சுமார் 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியிடத்தில் பேக்கப் வைக்கப்படவில்லை. தொழில்நுட்பத்தில் நம்மைவிடப் பல படி முன்னே இருக்கும் நாடு அது.

இந்த இரண்டும் ஹைப்பர்கன்வர்ஜ்டு முறையின் கோளாறு என்று சொல்ல வரவில்லை. எந்த முறையானாலும் பேக்கப் வேறு, பிரதி வேறு என்பதற்காகச் சொல்கிறேன். நியூட்டானிக்ஸைத் தொடங்கிய மூவரில் ஒருவரான அதே மோஹித் ஆரோன் 2013இல் கொஹெசிட்டி என்ற இன்னொரு நிறுவனத்தை ஆரம்பித்தார். அதன் முக்கியத் தொழிலே பேக்கப்தான்! துறையில் வழங்கும் விதி எளிது: தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு ஊரிலோ குறைந்தது வேறு கட்டடத்திலோ இருக்க வேண்டும். அதில் ஒன்று வலையமைப்பிலிருந்து கழற்றி வைக்கப்பட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

விலைக் கணக்கு

தனி ஸ்டோரேஜ் பெட்டி இல்லாததால் செலவு குறையும் என்பார்கள். சில இடங்களில் குறையும். ஆனால் கொட்டேஷனில் எழுதியிருக்கும் கொள்ளளவை அப்படியே நம்பக் கூடாது. மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் 20 டெராபைட் என்றால் தாளில் 60 என்று இருக்கும். எல்லாம் இரண்டு பிரதியாகப் பதிவதால் அது 30 ஆகிறது. ஒரு சர்வர் முழுதாகப் பழுதானாலும் மீதி இரண்டில் மறுபடி இரண்டு பிரதிகள் எழுத இடம் வேண்டுமென்றால், மிஞ்சும் 40இல் பாதி, அதாவது 20 டெராபைட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. அறுபதுக்கு விலை கொடுத்து இருபதைப் பயன்படுத்துகிறோம். சுருக்கிச் சேமிக்கும் வசதியால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம். அது உங்கள் தரவைப் பொறுத்தது; ஏற்கெனவே சுருங்கியிருக்கும் சிசிடிவி காட்சிகளையும் படங்களையும் மேலும் சுருக்க முடியாது.

அடுத்தது லைசென்ஸ். இங்கே வன்பொருளைவிட மென்பொருள்தான் எஜமான். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் நிரந்தரம் என்ற லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டு எல்லாம் சந்தாவாக மாறியது. பழைய விலையை நம்பி பட்ஜெட் போட்டிருந்தவர்கள் உலகமெங்கும் திகைத்துப் போனார்கள். 2016இல் வந்த சிஸ்கோவின் ஹைப்பர்ஃப்ளெக்ஸ் 2023இல் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வாங்கியவர் வேறு வழி தேட வேண்டிய நிலை. ஆகவே 'நாலாவது வருடம் என்ன விலை? வேறொன்றுக்கு மாற வேண்டுமானால் என் தரவை எப்படி வெளியே எடுப்பது?' என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

சர்வரைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதும் முழு உண்மை அல்ல. சேமிப்பு மட்டும் போதாமல் ஒரு சர்வரைக் கூட்டினால் அதிலுள்ள பிராசசரும் சேர்ந்தே வரும். சில டேட்டாபேஸ் லைசென்ஸ்கள் பிராசசர் கோர் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடப்படுவதால், தேவையில்லாத இடத்தில் கட்டணம் ஏறும். சேமிப்புக்கு மட்டுமான சர்வரைச் சேர்க்கும் வசதி இப்போது சில அமைப்புகளில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

செலவை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரும்பாலோர் கை வைப்பது ஸ்விட்சில். இதை என் அக்கா மகன் அழுத்திச் சொன்னான். ஒவ்வொரு எழுத்தும் இன்னொரு சர்வருக்குப் போய்ப் பதிந்த பிறகுதான் 'முடிந்தது' என்று கணக்கு. ஆகவே வலையமைப்புதான் இங்கே டிஸ்க்குக்கான பாதை. கடையில் கிடைக்கும் ஒரு கிகாபிட் ஸ்விட்சைப் போட்டால் விலை உயர்ந்த டிஸ்க் எல்லாம் வீண். பத்து கிகாபிட் ஸ்விட்ச் வேண்டும். அதுவும் இரண்டு வேண்டும். மூன்று சர்வரையும் ஒரே ஸ்விட்சில் மாட்டினால் அந்த ஸ்விட்ச் நின்ற நிமிடம் மூன்றும் நின்றுபோகும்.

"ஆள் வேண்டாம், கரண்ட் வேண்டாம்"

இப்படி நேராக யாரும் சொல்வதில்லை. 'எல்லாம் தானாகப் பார்த்துக்கொள்ளும்' என்று சொல்வார்கள். பழைய மூன்று அடுக்கோடு ஒப்பிட்டால் வேலை குறைவுதான். ஒரே திரையில் எல்லாம் தெரியும். ஆனால் மென்பொருள் புதுப்பித்தலைத் தள்ளிப்போடக் கூடாது. டிஸ்க் பழுது என்று சிவப்பு விளக்கு எரியும்போது பார்க்க ஆள் வேண்டும். முதல் டிஸ்க் போனதை யாரும் கவனிக்காமல் விட்டு, வேறொரு சர்வரில் இரண்டாவதும் போனால், இரண்டு பிரதி முறையில் தரவு திரும்பாமலே போகலாம்.

கரிசல் பூமியின் சித்திரை வெயிலையும் கோடைப் புழுதியையும் கொட்டேஷன் எழுதியவர் பார்த்திருக்க மாட்டார். மூன்று சர்வர் இரவும் பகலும் ஓடினால் அந்த அறைக்கு ஏசியும் இரவும் பகலும் ஓட வேண்டும். யுபிஎஸ் சர்வரை மட்டும் தாங்கி ஏசியை விட்டுவிட்டால் நீண்ட மின்தடையில் அறை அடுப்பாகிவிடும். இந்தச் செலவுகளும் கணக்கில் வரவேண்டும்.

சிலர் இதைக் கிளவுட் என்று நினைக்கிறார்கள். இது உங்கள் சொந்த அறையில் இருக்கும் சொந்த இயந்திரம். கிளவுடோடு இணைக்கலாம், ஆனால் அது வேறு கணக்கு, வேறு கட்டணம்.

அப்படியானால் இது யாருக்கு? பத்து இருபது மெய்நிகர்க் கணினிகளை இடைவிடாமல் ஓட்ட வேண்டிய மருத்துவமனை, பல கிளைகளுள்ள நிறுவனம், ஒரு மணி நேரம் நின்றாலும் பெருநஷ்டம் வரும் ஆலை. இவர்களுக்கு இது நல்ல தேர்வு. பழைய முறையைவிடப் பராமரிப்பும் எளிது. பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்பதும் தவறு. அதே சமயம் டாலி ஓட்டும் ஒரு சர்வர், அதோடு இணைந்த பதினைந்து கணினி என்று இருக்கும் கடைக்கு இது தேவையில்லை. கணினித் துறையில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. ப்ராக்ஸ்மாக்ஸை இலவசமாக இறக்கி, பழைய கணினிகள் மூன்று கிடைத்தால் வீட்டிலேயே நிறுவிப் பழகலாம்.

என் உறவினரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "மாமு, சர்வர் நாலு மணி நேரம் நின்னா உங்களுக்கு என்ன நஷ்டம்?" யோசித்துவிட்டு, "பில்லைக் கையால எழுதுவோம், சாயங்காலம் ஏத்திக்குவோம்" என்றார். ஒரு நல்ல சர்வரும், அதன் தரவை இரவில் எடுத்துக்கொள்ளும் இரண்டாவது சிறு இயந்திரமும் வாங்கினார். வாரம் ஒருமுறை கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு வெளிப்புற டிஸ்க்குகளும் வாங்கினார். கொட்டேஷன் தொகையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. டிஸ்க்கைக் கொண்டுபோகும் பொறுப்பை மகனிடம் கொடுத்திருக்கிறார்; வியாழக்கிழமை மறந்துவிட்டால் அவனுக்கு ஏச்சு விழுகிறதாம்.