கிழிசலும் சுமையும்: விளையாட்டு வீரர்களின் தோள் தசைநாண் காயம் குறித்து

சேலையூர், தாம்பரம் பக்கத்துக் கல்லூரிகளில் வாலிபாலோ கிரிக்கெட்டோ ஆடும் மாணவருக்குத் தோள்வலி வந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பது இன்று பெரிய காரியமில்லை. ரிப்போர்ட்டில் ‘சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணில் பகுதிக் கிழிசல்’ என்றொரு வரி வந்துவிட்டால், வீட்டாரும் பயிற்சியாளரும் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது தீர்ப்பாகாது, தோள் எவ்வளவு சுமை தாங்கும், அந்தச் சுமை எத்தனை விரைவாக ஏற்றப்பட்டது என்பவையே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் என்பது என் வாதம். கையைத் தலைக்குமேல் ஓங்கி ஆடும் உயர்மட்ட வீரர்கள் 20 பேரை, தோளில் வலியே இல்லாத நிலையில், ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. ஆடும் கையின் தோளில் 8 பேருக்குக் கிழிசல் தெரிந்தது. மறு தோளில் ஒருவருக்கும் இல்லை. ஐந்தாண்டு கழித்து விசாரித்தபோதும் அவர்களில் யாருக்கும் தொந்தரவு வந்திருக்கவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கிழிசல் இருப்பதாலேயே வலி அதிலிருந்துதான் வருகிறது என்று முடிவுகட்ட இது இடம் தருவதில்லை.

ஸ்பைக் அடிக்கையில் கை பின்னால் வளைந்து முன்னால் பாய்கிறது. பந்தைத் தொட்டபின் அந்த வேகத்தை அடக்கும் வேலை தோளின் பின்புறத்துச் சிறு தசைகளுடையது. தேர்வுப் போட்டி நெருங்குகிறதென்று ஒரே வாரத்தில் பயிற்சியை இரட்டிப்பாக்கினால் முதலில் திணறுபவை அவையே. நார்வேயில் உயர்மட்ட ஹேண்ட்பால் வீரர்கள் 660 பேரிடம் நடந்த சோதனையில், வாரம் மூன்று முறை வார்ம்-அப்போடு தோள் பயிற்சி செய்த அணிகளில் தோள் பிரச்சினைக்கான வாய்ப்பு 28 விழுக்காடு குறைந்தது. செலவும் அதிகமில்லை: முழங்கையை விலாவோடு ஒட்டி ரப்பர் பேண்டை வெளிப்புறம் இழுப்பது, எடையை மெதுவாக இறக்குவது, மறுநாள் காலை வலி கூடியிருந்தால் ஒருபடி குறைப்பது. இதைவிட ஓர் ஊசி போட்டுக்கொண்டு ஆடுவது எளிதாகத் தோன்றுவதுதான் சிக்கல்.

அறுவைச் சிகிச்சையால் மீண்டவர்கள் இல்லையா என்று கேட்கலாம். முத்தையா முரளிதரன் 532 டெஸ்ட் விக்கெட்டுகளோடு 2004இல் தோளில் அறுவை செய்துகொண்டார். அதே ஆண்டு அக்டோபரில், சேப்பாக்கத்தில், அந்த எண்ணிக்கையைத் தாண்டிய ஷேன் வார்னும் 1998இல் தோளறுவை கண்டவர்தான். முரளி 2010இல் 800இல் நிறுத்தினார். ஆனால் கத்தியோடு மீட்சி முடிந்துவிடவில்லை. டெஸ்ட் களம் திரும்ப அவருக்கு 2005 ஆகிவிட்டது. திரும்பாதவர்களின் கணக்கு நம் பேச்சில் வருவதுமில்லை. 2018இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் சோதனை, தோள்பட்டை எலும்பைச் செதுக்கும் அறுவைக்கும், செதுக்காமல் உள்ளே கருவியை விட்டுப் பார்த்ததற்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணவில்லை. அந்த நோயாளிகள் விளையாட்டு வீரர்களல்லர் என்ற ஆட்சேபம் நியாயமே. அப்படியானால் வீரர்களுக்கு அது பலன் தருமென்று நிறுவும் பொறுப்பும் அறுவையைப் பரிந்துரைப்பவருடையதே. விழுந்து அடிபட்டு, அன்றிலிருந்தே கையைத் தூக்க முடியாதவரின் கதை வேறு. முழுக் கிழிசல் இருக்கக்கூடிய அவரை ரப்பர் பேண்டோடு மாதக்கணக்கில் காக்கவைக்காமல் உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.