அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். விறகடுப்பைப் பற்றி, அதைவிட அதன் பின்னால் நிற்கும் சுவரைப் பற்றி எழுதப் போகிறேன்.

லண்டன் தீ என்றாலே எல்லோரும் 1666 என்பார்கள். புடிங் சந்தில் ஒரு ரொட்டிக்காரர் அடுப்பில் ஆரம்பித்து நான்கு நாள் எரிந்து 13,200 வீடுகளைத் தின்ற தீ அது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1212ஆம் ஆண்டுத் தீ. அந்தத் தீக்குப் பிறகு நகரத்தார் கூடிச் சில கட்டளைகள் போட்டார்கள். தேம்ஸ் நதியோரச் சமையல் கடைகளுக்கு உள்ளும் புறமும் சாந்து பூசி வெள்ளையடிக்க வேண்டும். புதிதாக யாரும் வைக்கோலாலோ நாணலாலோ கூரை வேயக் கூடாது. ரொட்டி சுடுகிறவர்களும் மது காய்ச்சுகிறவர்களும் இரவில் வைக்கோலையோ தட்டையையோ எரிக்கக் கூடாது, விறகு மட்டும்தான். அழகுக்காகச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். மரச்சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே எரியாத ஒரு தோல் வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கட்டளை போடுவது சுலபம், கேட்பது யார்? நானூறு வருடம் கழித்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போன இங்கிலாந்துக்காரர்கள், பாஸ்டனில் புகைபோக்கியையே மரத்தால் கட்டி உள்ளே களிமண் பூசிக்கொண்டார்கள். 1631 மார்ச் மாதம் ஒரு வீட்டில் புகைபோக்கியின் மேல்பக்கம் களிமண் சரியாகப் பூசப்படவில்லை. அங்கே பிடித்த தீ கூரைக்குத் தாவி வீடு எரிந்தது. அதன்பிறகுதான் மரப் புகைபோக்கியும் வைக்கோல் கூரையும் கூடாது என்றார்கள். 1648இல் இன்றைய நியூயார்க்கில், அப்போது அது டச்சுக்காரர்கள் ஊர், புகைபோக்கிகளைச் சோதிக்கவே ஆட்களை நியமித்தார்கள். தப்புச் செய்தவர்களிடம் வாங்கிய அபராதத்தில் ஏணியும் வாளியும் வாங்கினார்களாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

பாரிஸ்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். லண்டன் எரிந்த மறு வருடமே, 1667இல், மரச்சட்ட வீடுகளின் சுவர்களுக்கு ஜிப்சம் சாந்து பூச உத்தரவு வந்தது. நாம் வேதியியல் பாடத்தில் படித்த அதே ‘பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’தான். கெட்டியான ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். தீ பட்டால் அந்தத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். தண்ணீர் தீரும் வரை பின்னால் இருக்கும் மரம் அதிகம் சூடாகாது. ஆனால் இது தீ பிடித்த பின் நேரம் வாங்கித் தரும் வித்தை. தினமும் அடுப்பு எரியும் சுவருக்கு இது மட்டும் போதாது.

இதை 1735இலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் தன் பத்திரிகையில் எழுதினார். அடுப்பின் இரு பக்கமும் அலங்காரத்துக்காகப் பைன் மரச் சட்டங்களை அடித்து வைக்கிறார்களே, பிசின் நிறைந்த அந்த மரம் தீப்பிடிக்கத் தயாராக நிற்கிறதே என்று கடிந்துகொண்டார். மறு வருடம் தன் ஊரில் தீயணைப்புக் குழுவும் தொடங்கினார்.

மரம் பற்றிக்கொள்ளப் பொதுவாக 250 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் வெப்பம் பட்டுக்கொண்டே இருந்த மரம் மெல்லக் கரிபோல ஆகிவிடுகிறது. பிறகு அது எவ்வளவோ குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்பது தைரியம் கொள்ள வேண்டிய விஷயமே இல்லை.

கோத்தகிரியில் தங்கும் விடுதி கட்டும் என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் படம் அனுப்பினான். பலகைச் சுவர், அதன்மேல் ஒட்டிய டைல்ஸ், அதற்கு முன்னால் அரை அடியில் இரும்பு விறகடுப்பு. “சார், டைல்ஸ் எரியாதுல்ல?” என்று கேட்டிருந்தான். டைல்ஸ் எரியாதுப்பா, ஆனால் சூட்டை அப்படியே பின்னால் கடத்திவிடும் என்று பதில் போட்டேன். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி அமெரிக்கர்கள் மறுபடி விறகடுப்புக்குத் திரும்பியபோது இதே தப்பைச் செய்தவர்கள் நிறையப் பேர். அங்குள்ள தீத்தடுப்பு விதிப்படி எரியும் சுவருக்கும் அடுப்புக்கும் 36 அங்குலம் இடைவெளி வேண்டும். சுவரிலிருந்து 1 அங்குலம் தள்ளி, மேலும் கீழும் திறந்திருக்கும்படி இரும்புத் தகடு நிறுத்தினால் 12 அங்குலம் வரை குறைக்கலாம். கீழே நுழையும் குளிர்ந்த காற்று சூடாகி மேலே போய்விடும். காப்பாற்றுவது தகடு மட்டுமில்லை, அந்த ஒரு அங்குலக் காற்றும்தான். முழுச் செங்கல் சுவராக இருந்து பின்னால் மரமே இல்லையென்றால் இந்தக் கவலை இல்லை.

நம் பக்கத்து மண்சுவர் அடுப்பங்கரையில் சுவர் எரியாது. நம் ஆபத்து மேலே இருந்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரை வழியாக வகுப்பறைக்குப் போனது. 94 குழந்தைகள். நான் அப்போது பணியில் இருந்தேன். அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சமையல் செய்யும் இடத்துக்கு மேல் வைக்கோலும் நாணலும் கூடாது என்று லண்டன்காரர்கள் எழுதி வைத்து அப்போது 792 வருடம் ஆகியிருந்தது.

மாணவன் டைல்ஸைப் பெயர்த்துவிட்டான். தகடு அடிக்க ஆள் தேடுகிறான். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து நண்பர்கள் உங்கள் வீட்டுப் பழைய கணப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள், அவனுக்குக் காட்டுகிறேன்.